நாலாவது பெட்டி

என் அக்காவுக்கு இரண்டு விஷயங்கள் ஆகவே ஆகாது. ஒன்று, சும்மா உட்கார்ந்திருப்பது. இன்னொன்று, வீடியோ கேம். இரண்டும் ஒன்றுதான் என்பது அவள் கட்சி.

வீட்டின் முன்னறையில் ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறாள். ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, சுவர் முழுக்க ஆணிகளில் தொங்கும் அடுத்தவர் பேன்ட்கள், அவ்வளவுதான் கடை. புதுத் துணி தைக்க மாட்டாள். "புதுசு தைக்க ஊரெல்லாம் ஆள் இருக்கு. இருக்கிறதை உடம்புக்குத் தக்கபடி ஆக்கிக் கொடுக்கத்தான் ஆள் இல்ல" என்பாள். தொப்பை போட்டவருக்கு இடுப்பைப் பிரித்துவிடுவாள், இளைத்துப்போனவருக்குப் பிடித்துத் தைப்பாள். அளவெடுக்கும்போதே ஆளையும் ஒரு பிடி பிடித்துவிடுவாள். "போன வருஷம்தானே ஒரு இன்ச் விட்டேன்? இனிமே விட உள்ள துணி இல்ல. நீங்களா பார்த்து நிறுத்தினாத்தான் உண்டு." திட்டு வாங்குவதற்காகவே சிலர் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். அவள் வாய் ஓய்ந்திருப்பது குண்டூசியைப் பல்லில் கடித்திருக்கும் நேரத்தில் மட்டும்தான்.

நான் அவள் தம்பி. மேல்வீட்டில் குடியிருக்கிறேன், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன், கல்யாணம் ஆகவில்லை. சாப்பாடு அக்கா வீட்டில் என்பதால் அங்கே நடப்பது எதுவும் எனக்குத் தப்பாது.

அத்தான் டவுன் பஸ் ஓட்டியவர். அவர் வண்டியில் நின்றுகொண்டு வருகிறவர்கள்கூடக் கம்பியைப் பிடிக்க மாட்டார்கள் என்று டிப்போவில் சொல்வார்கள், அவ்வளவு பதவிசாக ஓட்டுவார். ஒருநாள் பிரேக்கை மிதிக்கக் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னார். ஆஸ்பத்திரியில் தசை மெலியும் நோய் என்றார்கள். மருந்து கிடையாது, ஆனால் மெதுவாகத்தான் போகும் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். அக்கா அங்கேயே பிடித்துக்கொண்டாள். "மெதுவா போனா என்ன, வேகமா போனா என்ன டாக்டர்? போறது போறதுதானே?" டாக்டர் பேனாவை மூடி மூடித் திறந்தார்.  

அந்த வீட்டில் வருஷங்களைப் பெட்டிகளை வைத்துத்தான் சொல்வோம். பெட்டி என்றால் டி.வி.க்கு அடியில் இருக்கும் கேம் கன்சோல். கம்பெனி பெயரைச் சொல்ல எனக்கு மனசில்லை. என் வாயால் அவர்களுக்கு விளம்பரம் வேண்டாம். முதல் பெட்டி வந்தபோது பாப்பாவுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. பாப்பா அவர்களுடைய ஒரே மகள். இப்போது வேலை பார்க்கிறாள், ஆனாலும் எங்களுக்குப் பாப்பாதான். அத்தான் அவளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஆடுவார். இரண்டாவது பெட்டி வந்தபோது, தரையில் உட்கார்ந்தால் எழ முடியாமல் நாற்காலிக்கு மாறியிருந்தார். மூன்றாவது வந்தபோது அந்த நாற்காலிக்குச் சக்கரம் வந்துவிட்டது. கம்பெனிக்காரன் புது மாடல் விடுவதும் அத்தான் உடம்பு ஒரு படி இறங்குவதும் பேசி வைத்துக்கொண்டதுபோல் நடந்தன. ஒவ்வொரு தடவையும் படம் இன்னும் தத்ரூபமாகும், பட்டன்கள் இடம் மாறும், அவர் விரல்கள் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒருவழியாகப் பழகி முடிக்கும்போது அடுத்தது வந்து நிற்கும்.

மூன்றாவது பெட்டியின் கன்ட்ரோலரை அவரால் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. அக்கா அதற்கு ஒரு திண்டு தைத்தாள். மடியில் வைத்துக்கொள்ளும் குட்டித் திண்டு. நடுவில் கன்ட்ரோலர் அசையாமல் உட்கார ஒரு பை, இரண்டு மணிக்கட்டும் சாய்ந்துகொள்ள இரண்டு பள்ளம், கட்டைவிரல் வழுக்காமலிருக்க ஒரு நாடா வளையம். "வெட்டி வேலைக்கு மெத்தை தைக்கிறேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் பள்ளம் சரியாக அமையும்வரை மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். அந்தத் திண்டை மடியில் வைத்தால் அத்தான் மறுபடி டிரைவர்.

அவர் ஆடியது மலைப்பாதையில் லாரி ஓட்டும் கேம். பாப்பா வேறு ஊருக்கு வேலைக்குப் போனபிறகு, சாயங்காலம் ஏழு மணிக்கு அங்கே அவள் தன் பெட்டியைப் போடுவாள், இங்கே இவர். இருவருக்கும் ஒரே லாரி. அவர் ஓட்டுவார், அவள் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வாள். போனில் பேசிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். போனில் அவர் நோயாளி. சாப்பிட்டீங்களா, கால் வீங்கியிருக்கா, டாக்டர் என்ன சொன்னார், அதோடு முடிந்தது. லாரியில் ஏறிவிட்டால் அவர் டிரைவர், அவள் கிளீனர். "ஏறிட்டியா? கதவைச் சாத்து" என்று அவர் சொல்லும் குரலே வேறு. அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் அந்த லாரியில் வைத்து அப்பாவிடம் சொல்வாள். அவர் காதில் ஹெட்செட் இருக்கும். அவர் சிரிப்பது மட்டும்தான் வெளியே கேட்கும்.

அக்காவுக்கு உள்ளூர அது ஒரு குறை. "எங்கிட்ட பேசினா ரெண்டு நிமிஷம். அந்த லாரியில ஏறிட்டா ஒரு மணி நேரம். நான் என்ன அவளுக்கு மாற்றாந்தாயா?" என்று என்னிடம் கேட்பாள். மெஷின் அப்போது கொஞ்சம் வேகமாக ஓடும்.

பாப்பாவின் வேலையும் இந்தப் பெட்டியைச் சேர்ந்ததுதான். கேம் வெளிவருவதற்கு முன்னால் ஆடிப்பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. அம்மாவின் மகள், குறை கண்டுபிடிக்கக் கேட்க வேண்டுமா? லீவில் வந்திருந்தபோது அப்பாவும் மகளும் ஒரு வழக்கு நடத்தினார்கள்.

"ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவுல எத்தனை வருஷம் விடணும், சொல்லு" என்று அத்தான் ஆரம்பித்தார்.

"ஆறேழு வருஷம். அதுவே ஜாஸ்திப்பா. நாங்க மனசுல நினைக்கிறதை எல்லாம் பழைய பெட்டி தாங்காது."

"பதினஞ்சு விடட்டும். பஸ்ஸே பதினஞ்சு வருஷம் ஓடுது."

"பதினஞ்சா! எங்க ஆபீஸைப் பூட்டிட்டு நான் அம்மாகூட பட்டன் தைக்க வேண்டியதுதான். புதுசு வந்தாத்தான்பா எனக்கு வேலையே."

"பத்தலைன்னா பிரிச்சு விட வேண்டியதுதானே?" என்று முன்னறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "உள்ள ஒரு இன்ச் துணி விட்டுத் தைக்கத் தெரியாதா அவனுக்கு?"

"அவங்க வேணும்னேதான்மா உள்ள துணி விடறதில்ல" என்று பாப்பா சிரித்தாள்.

அத்தான் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "எனக்குக் கணக்கெல்லாம் வேண்டாம். என் விரல் பழகணும். பழகினதுக்கு அப்புறம் ஒரு ரெண்டு வருஷம் நிம்மதியா ஓட்டணும். அதுவரைக்கும் பொறுத்தா போதும்."

 பாப்பா எழுந்து வந்து அவர் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். "எப்ப உங்க கையால ஓட்ட முடியலையோ, அன்னிக்கே நான் வேலையை விட்டுட்டு வந்துடுவேன்பா. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்க மாட்டேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒருதரம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதல் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து, பிறகு வேறு வேலை கிடைக்காமல் ரொம்பத் திண்டாடியவள். அன்று முதல் அத்தானுக்கு அந்த லாரி விளையாட்டாக இல்லை. அவர் ஓட்டிக்கொண்டிருக்கிறவரை மகள் வேலையில் இருப்பாள்.

நாலாவது பெட்டி அந்த வருஷமே வந்தது. வந்ததோடு நிற்கவில்லை. பழைய பெட்டியில் இனி இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியாது, அந்தச் சேவையை நிறுத்துகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. அப்பாவுக்குக் கஷ்டம் வரக்கூடாது என்று பாப்பா புதுப் பெட்டியை வாங்கிக்கொண்டு நேரில் வந்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து ஒயர்களை மாட்டி, பழைய லாரியை நிறம் உட்படப் புதுப் பெட்டிக்கு மாற்றி, கன்ட்ரோலரை அவர் மடியில் வைத்தாள். "பாருங்கப்பா, ஆக்ஸிலேட்டர் பட்டனை அழுத்தினா நிஜ பெடல் மாதிரியே எதிர்த்து நிக்கும். இதை வச்சுத்தான் கம்பெனிக்காரங்க பெரிய பெரிய விளம்பரமெல்லாம் பண்றாங்க."

அத்தான் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "பிரமாதம்! இன்னிக்கு நீ ஓட்டும்மா, நான் மலையைப் பார்க்கிறேன்" என்றார். இருந்த இரண்டு நாளும் அவளையே ஓட்டவைத்துவிட்டு அனுப்பிவைத்தார்.

அவள் போனபிறகுதான் குட்டு வெளிப்பட்டது. அந்தப் பட்டனை அவரால் பாதிகூட அழுத்த முடியவில்லை. நிஜ பெடலை மிதிக்க முடியாமல்தான் அந்த மனுஷன் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தார். எவனோ ஒருவன் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு, அதே பெடலைக் கண்டுபிடித்து அவர் மடிக்கே அனுப்பிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பெட்டியைத் தூக்கிச் சாக்கடையில் போட்டிருப்பேன். செட்டிங்ஸுக்குள் போய் எதிர்ப்பைக் குறைத்தேன். குறைந்தது. ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பழையதைவிடக் கெட்டி, அதைக் குறைக்க வழியில்லை. அக்கா திண்டைப் பிரித்துப் புது கன்ட்ரோலருக்குத் தக்கபடி தைத்தாள், பள்ளத்தை ஆழமாக்கினாள், விரலுக்கு முட்டுக்கொடுத்து ஒரு பட்டை வைத்தாள். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். லாரி ஒரு முழம் நகர்ந்து நின்றது. அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"துணியில செய்யறதெல்லாம் செஞ்சாச்சு" என்றாள் அக்கா. ஊசியை எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள். அவளால் ஆல்டர் செய்ய முடியாத ஒன்றை அந்த வீட்டில் அன்றுதான் பார்த்தேன்.

ஸ்பிரிங்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லைதான். கடைசியாகப் போனபோது டாக்டர், மூச்சுவிடும் தசைவரை வந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். இனிமேல் வருஷக் கணக்கு பேச வேண்டாம் என்றார். பாப்பாவுக்கு இதைச் சொல்லக்கூடாது என்று அத்தான் எங்கள் இருவரிடமும் வாக்கு வாங்கியிருந்தார்.

முதல் நாள் கரன்ட் இல்லை என்றார். அடுத்த நாள் தலைவலி என்றார். அதற்கடுத்த நாள் பாப்பா போனில், "அப்பா, கை நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்ட கேள்வி அடுக்களைவரை கேட்டது. "நல்லா இருக்கும்மா, நாளைக்கு ஏழு மணிக்கு ஏறு" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கடை அடைக்க எட்டாகிவிடும். அவர் அக்காவைப் பார்த்தார்.

"நீ ஓட்டு. நான் பேசறேன்."

"நானா? இந்தக் கருமத்தையா? ஆளை விடுங்க."

"நான் ஓட்டலைன்னு தெரிஞ்சா அவ கிளம்பி வந்துடுவா."

"வரட்டுமே!" என்றாள் அக்கா. வெடித்துக்கொண்டு வந்தது. "வந்தா என்ன குறைஞ்சுபோச்சு? பெத்தவ கேக்கிறேன். இந்த நேரத்துல அவ இங்க இருக்க வேண்டாமா?"

"வந்து? என் கையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா? அதுக்குத்தான் நீ ஒருத்தி இருக்கியே, போதாதா?"

அக்கா இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். அடுத்த நாள் ஏழு மணிக்கு அவர் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். பாப்பா சொல்லும் வழி ஓட்டுகிறவளுக்குக் கேட்க வேண்டுமே, அதற்காகச் சத்தத்தை டி.வி.க்கு மாற்றிவைத்திருந்தேன். அத்தான் சட்டைக் காலரில் மைக். மைக் எல்லாவற்றையும் கேட்கும், அதனால் அக்கா மூச்சுகூடச் சத்தமாக விடக்கூடாது. இதைவிடப் பெரிய தண்டனையை அவளுக்கு யாரும் யோசித்துக் கொடுத்திருக்க முடியாது.

முதல் நாளே லாரியைப் பள்ளத்தில் இறக்கினாள். "ஒரு மாடு குறுக்க வந்துடுச்சும்மா" என்று அத்தான் சமாளித்தார். "எந்த மாடுப்பா? இந்த கேம்லயே மாடு கிடையாது" என்றாள் பாப்பா. அக்கா சிரிப்பை அடக்கப் பல்லுக்கிடையில் அளவு டேப்பைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்தப் பட்டனை மெஷினின் பெடல் என்று நினைத்துக்கொண்டாள். நேர்த்தையலில் ஒரே ஓட்டம், மூலை வருவதற்கு முன்னால் விட்டு விட்டு, மூலையில் நிறுத்தி, திருப்பி, மறுபடி ஓட்டம். பத்துப் பதினைந்து நாளில் லாரி மலைமேல் வழுக்கிக்கொண்டு போனது. என் வார விடுமுறைகளில் பக்கத்தில் உட்கார்ந்து நானே பார்த்தேன். முப்பது வருஷம் மெஷின் ஓட்டியவள், மலைக்கு அசருவாளா?

வெறுத்துக்கொண்டு ஆரம்பித்தவள் ஏழு மணிக்கு முன்பே கடைக் கதவைச் சாத்தத் தொடங்கினாள். மகளின் குரல் ஒரு மணி நேரம் கிடைக்கிறதே. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து போனது, மேலதிகாரியோடு சண்டை போட்டது, சமையலில் உப்பை மறந்தது எல்லாம் அம்மா மடியில் வந்து விழுந்தன. பதில் மட்டும் சொல்ல முடியாது. லாரி நின்றதும், சேர்த்துவைத்ததையெல்லாம் எங்கள் இருவர் தலையிலும் கொட்டுவாள். "காய்ச்சல்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொன்னாளா? போன் பண்ணிக் கேக்கவும் முடியாது, எப்படித் தெரியும்னு கேப்பா. பெத்த பொண்ணை ஒளிஞ்சிருந்து கேக்க வேண்டியிருக்கு."

பாப்பா ஒருநாள், "அப்பா, புதுப் பெட்டி உங்களுக்கு ரொம்ப ராசி. வளைவுல ஒரு தடவைகூட இடிக்கலையே! கை எவ்வளவு தேறிடுச்சு!" என்றாள். "எக்சர்சைஸ்மா" என்றார் அத்தான். அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.  

அது நடந்ததும் என் விடுமுறை நாளில்தான். லாரி ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தது. பாப்பா வழக்கத்துக்கு மாறாகக் குறைவாகப் பேசினாள்.

"அப்பா, ஒரு விஷயம். அம்மா பக்கத்துல இல்லையே?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா, இல்லை என்று சொல்லும்படி தலையை ஆட்டினாள்.

"இல்லம்மா. கடையில இருக்கா."

"ஹெட் ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காங்கப்பா. வெளிநாட்டுல. அடுத்த பெட்டிக்கான கேமை டெஸ்ட் பண்ற டீம்."

"அடுத்ததா? இதுவே இப்பதானேம்மா வந்துது?"

"ஒன்னை வெளிய விட்ட உடனே அடுத்ததை ஆரம்பிச்சுடுவாங்கப்பா. அது வர்ற வரைக்கும் அங்கதான் இருக்கணும். அஞ்சாறு வருஷம். நடுவுல லேசுல லீவு தர மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "போன வருஷமே கேட்டாங்க. உங்க கையை நினைச்சு மாட்டேன்னு சொல்லிட்டேன். இப்பதான் தினமும் பார்க்கிறேனே, எனக்கு அந்தப் பயமே போயிடுச்சு. சரின்னு சொல்லப்போறேன்பா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அஞ்சாறு வருஷம் என்றால் என்னவென்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். பாப்பா அந்த விமானத்தில் ஏறினால் அவர் அவளை இனிப் பார்க்கப்போவதில்லை. திரையில் லாரியின் வேகம் குறைந்தது. அக்காவின் விரல் பட்டனைவிட்டு வந்துவிட்டது. லாரி ஏற்றத்தின் நடுவில் நின்றது.

"ஏம்ப்பா நிறுத்திட்டீங்க?" என்றாள் பாப்பா. "அப்பா? கை வலிக்குதா?"

அக்காவின் வாய் திறந்தது. ஒரு சத்தம் போதும். தும்மினால்கூடப் போதும், மகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். அவள் ஆசைப்பட்டதும் அதைத்தான். நான் அத்தானைப் பார்த்தேன். பேசாதே என்று அவர் கண்ணைக் காட்டுவார் என்று நினைத்தேன். காட்டவில்லை. அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கை எழவில்லை. உன் இஷ்டம் என்பதுபோல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். போகாதே என்று கேட்க அவருக்கும் ஆசை இருந்தது. அதை அன்றுதான் அவர் முகத்தில் கண்டேன்.

அக்கா திறந்த வாயை மூடினாள். தோளை உயர்த்திக் கன்னத்தை அதில் துடைத்துக்கொண்டாள். பிறகு விரலைப் பட்டன்மேல் வைத்து மெல்ல அழுத்தினாள். லாரி ஒரு குலுக்கலும் இல்லாமல் ஏறத் தொடங்கியது.

"கையெல்லாம் நல்லா இருக்கும்மா" என்றார் அத்தான். "மேடுல்ல, ஒரு நிமிஷம் பார்த்து எடுத்தேன். நீ போயிட்டு வா."

"நிஜமாத்தானேப்பா?"

"நிஜமாத்தான்."

பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்கப்பா. நானே மெதுவா சொல்லிக்கிறேன். அவங்க தாங்க மாட்டாங்க."

"சரிம்மா."

"அடுத்த வளைவுல வலது பக்கம் திரும்பணும்."

அக்கா வேகத்தைக் குறைத்து, வலது பக்கம் திருப்பினாள்.